ஓரணாப் பாடம்

“சார், அந்த இங்கிலீஷ் பாடம் கடைசியில நடந்துச்சா?”

போன ஆகஸ்ட் மாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான தூக்க வேளையில், இரண்டாம் ஆண்டு பி.ஏ. வகுப்பில் ஒரு மாணவி இப்படிக் கேட்டாள். பாக்கா என்ற தோட்டிப் பையனைப் பற்றி முல்க் ராஜ் ஆனந்த் இங்கிலீஷில் எழுதிய ‘அன்டச்சபிள்’ நாவலை அன்றுதான் நடத்தி முடித்திருந்தேன். எது ஐந்து மார்க் கேள்வி, எது பத்து மார்க் கேள்வி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எந்தப் பாடத்தைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. “எந்தப் பாடம்மா?” என்றேன். “பாபு வீட்டுப் பையன் பாக்காவுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரேன்னு சொல்வான்ல சார். பாடத்துக்கு ஓரணான்னு பேசிக்குவாங்களே.” வகுப்பில் முழு நாவலையும் படித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் என் நோட்ஸைப் படித்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், நாலைந்து வருஷமாக நானும் என் நோட்ஸைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்ட வாத்தியார்கள் செய்வதைச் செய்தேன். “அது சின்ன விஷயம்மா, பரீட்சைக்கு வராது” என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

11 வருஷமாக அந்த நாவலை நடத்துகிறேன். கடைத்தெருவில் பாக்கா அறை வாங்கும் இடத்தைப் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்வேன். கோயில் பூசாரி அவன் தங்கை சோகினியிடம் தவறாக நடக்கப் பார்த்துவிட்டு, அவள் கத்தியதும் “தீட்டு, தீட்டு” என்று தானே அலறுவானே, அதைச் சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். கடைசியில் வரும் மூன்று தீர்வுகள் பாதிரியார், காந்தி, இயந்திரம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவேன். ஓரணாப் பாடம் மட்டும் என் நினைவில் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய், அட்டை கிழிந்த பழைய பிரதியைத் தேடி எடுத்தேன். கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கியது. அந்தப் பக்கத்தில் பென்சிலில் அடிக்கோடு போட்டிருந்தேன். இருபது வயதில் பார்த்திருக்கிறேன், அப்புறம் எங்கேயோ தொலைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நாவல் இல்லை. முந்நூறு ரூபாய். அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

கழுவி எடுக்கப்பட்ட காசு

பாக்காவுக்குப் பதினெட்டு வயது. புலாஷா என்ற ஊரின் ராணுவக் குடியிருப்பில் கக்கூஸ் கழுவுகிறவன். அவனுடைய ஒரே ஒரு நாள்தான் மொத்த நாவலும். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பாளையத்தில் கொஞ்ச காலம் இருந்து வந்ததிலிருந்து அவனுக்கு ‘ஃபேஷன்’ பைத்தியம் பிடித்திருக்கிறது. கால்சட்டை, பூட்ஸ், சிகரெட் எல்லாம் துரைமார் மாதிரி வேண்டும். ராத்திரி குளிரில் நடுங்கினாலும், நம்மூர்ப் பஞ்சு ரஜாயைப் போர்த்திக்கொள்ள மாட்டான். துரைமார் போர்த்துகிற கம்பளியேதான் வேண்டும். வகுப்பில் இதை நகைச்சுவையாகத்தான் நடத்துவேன். பையன்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஆசைகளின் வரிசையில் ஒன்று மட்டும் வேறு ஜாதி ஆசை. (இந்த இடத்தில் ‘ஜாதி’ என்ற சொல் எவ்வளவு சுலபமாக வந்து விழுகிறது பாருங்கள், அடிக்காமல் விட்டுவிடுகிறேன்.) துரைமார் பேசுகிற ‘டிஷ்மிஷ் டிஷ்மிஷ்’ பாஷையைத் தானும் பேச வேண்டும், படிக்க வேண்டும் என்று அவனுக்கு ஏக்கம். ஆங்கில முதல் பாடப்புத்தகம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியும் வைத்திருக்கிறான். சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் எழுத்துகளோடு படிப்பு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள், மற்ற பிள்ளைகளின் பெற்றோர் விடமாட்டார்கள் என்று அவன் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவன்.

அன்று காலை வேலைக்கு நடுவே, ராணுவ ஆபீஸ் பெரிய பாபுவின், அதாவது பெரிய குமாஸ்தாவின், பிள்ளைகள் இரண்டு பேர் வருகிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பெரியவனிடம் பாக்கா கேட்கிறான்: எனக்குத் தினம் ஒரு பாடம் சொல்லித் தருவாயா? அவன் முகம் தயங்குவதைப் பார்த்ததும் உடனே சொல்கிறான்: பாடத்துக்கு ஓரணா தருகிறேன். காசு என்றதும் பெரியவன் சரி என்கிறான். அவ்வளவுதான் காட்சி. ஒரு பக்கம்கூட வராது.

ஓரணா என்றால் என்ன என்பதற்கு அதே நாவலில், அதே காலையில் கணக்கு இருக்கிறது. அவன் பையில் எட்டணா இருக்கிறது. நாலணாவுக்கு ஜிலேபி வாங்குகிறான். அதற்கே, அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று மனசுக்குள் பத்து முறை கணக்குப் போட்டுவிட்டுத்தான் வாங்குகிறான். நாலு நிக்கல் காசுகளைக் கடைப் பலகையில் வைக்கிறான். கடைப்பையன் அதன்மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டு எடுக்கிறான். பொட்டலத்தைக் கடைக்காரர் கிரிக்கெட் பந்து மாதிரி தூக்கிப் போடுகிறார், இவன் பிடித்துக்கொள்கிறான். அந்த ஜிலேபியைத் தின்றுகொண்டே, வேடிக்கை பார்த்துக்கொண்டே நடக்கும்போதுதான் மேல்ஜாதிக்காரன் ஒருவன் மேல் பட்டுவிடுகிறான். கூட்டம் கூடுகிறது, ஏச்சு, அறை. ஜிலேபி மண்ணில். அதற்குப் பிறகு அவன் “போஷ், போஷ், தோட்டி வர்றான்” என்று தன் வருகையைத் தானே கத்தி அறிவித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

இந்த அறையைத்தான் நாங்கள் எல்லோரும் பத்து மார்க் கேள்வியாக்கி வைத்திருக்கிறோம். அறை கண்ணில் படும், சத்தம் கேட்கும், அறைந்தவன் கெட்டவன், அறை வாங்கியவன் பாவம். ஓரணா அப்படியில்லை. அங்கே கெட்டவனே கிடையாது. பெரியவன் நல்ல பையன். பாக்காவோடு ஹாக்கி ஆடுகிறவன். கேட்டதும் சரி என்கிறான். சாயங்காலம் ஹாக்கி ஆட்டம், அதில் சண்டை, கல்வீச்சு. ஒரு கல் பாபுவின் சின்னப் பையன் தலையில் பட்டு ரத்தம் கொட்டுகிறது. பாக்கா அவனைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடுகிறான். அம்மாக்காரி பிள்ளையைப் பார்த்துப் பதறி, கூடவே வீட்டைத் தீட்டாக்கிவிட்டாயே என்று இவனைத் திட்டி அனுப்புகிறாள். அப்புறம் பாதிரியார் வந்துவிடுகிறார், காந்தி வந்துவிடுகிறார், பொழுது சாய்ந்துவிடுகிறது. யாரும் பாடம் சொல்லித் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. பாடம் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

முந்நூறு ரூபாய்

எங்கள் தெருவுக்குக் காலை ஆறரைக்குக் குப்பை வண்டி வரும். முன்பு தள்ளுவண்டி, இப்போது பேட்டரி வண்டி. அதோடு வந்துகொண்டிருந்த அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் அக்கா என்பேன், அவர் சார் என்பார். ஒப்பந்த வேலை. பச்சை கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. மக்கும் குப்பையையும் மக்காததையும் என் மனைவி பிரித்து வைப்பதை ஊருக்கே சொல்லிப் பெருமைப்படுவார். ஒருநாள் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“சார், ஒண்ணு கேக்கோணுமுங்.”

சொல்லுங்கக்கா என்றேன்.

“பையன் ஒம்பதாவது படிக்கிறானுங். கணக்கெல்லாம் நல்லா போடறான். இங்கிலீஷ்தான் வரமாட்டீங்குது. நீங்க காலேஜுல இங்கிலீஷ் வாத்தியாருன்னு அம்மணி சொன்னாங்க. ஞாயித்துக்கெழமை மட்டும் ஒரு மணி நேரம் சொல்லிக் குடுப்பீங்களா? சும்மா வேண்டாமுங் சார். மாசம் முந்நூறு குடுத்தர்றேன்.”

காசெல்லாம் எதுக்குக்கா, வரச்சொல்லுங்க என்றேன். வெறும் வாயால் சொல்லவில்லை. மனசார, கொஞ்சம் நெகிழ்ந்துபோய்த்தான் சொன்னேன். உள்ளே வந்து மனைவியிடம் இதைச் சொன்னபோது என் குரலில் ஒரு நல்லவன் இருந்தான். அந்த ஞாயிறு ஒரு கல்யாணம். அடுத்த ஞாயிறு விடைத்தாள் திருத்தும் பணிக்கு வெளியூர் போய்விட்டேன். அதற்கடுத்த வாரம் அவரைப் பார்த்ததும் நானே முந்திக்கொண்டு “அடுத்த வாரம் கண்டிப்பா அக்கா” என்றேன். “பரவாயில்லீங் சார், நேரங் கெடைக்கறப்ப சொல்லுங்க” என்றார். அப்புறம் காலையில் வண்டிச் சத்தம் கேட்டால் மனைவியை அனுப்ப ஆரம்பித்தேன். இதை நான் அப்போது கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. ஒருநாள் வேறொருவர் வண்டியோடு வந்தார். அந்த அக்காவை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். எனக்கு ஏற்பட்டது வருத்தம் என்று எழுதத்தான் ஆசை. நிம்மதிதான் ஏற்பட்டது.

காசு வேண்டாம் என்று சொன்னதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. முந்நூறு ரூபாயை வாங்கியிருந்தால் அது பேச்சு. வாங்கிய காசுக்கு வேலை செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் அவர் கேட்கலாம். “சும்மா வேண்டாமுங்” என்று அவர் சொன்னது மரியாதைக்காக இல்லை, கேட்கிற உரிமைக்காக. நான் அந்த உரிமையைப் பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாக்காவும் அந்த அக்கா செய்ததைத்தான் செய்கிறான். சலாம் வைத்து, கையேந்தி, மேலிருந்து வீசப்படும் ரொட்டியைப் பொறுக்கி வாழ்கிற வீட்டில் பிறந்தவன், அந்த நாள் முழுவதிலும் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் விலை பேசுகிறான்.

பாபு வீட்டுப் பிள்ளை

இங்கேதான் முல்க் ராஜ் ஆனந்த் யார் என்பது முக்கியமாகிறது. 1905-ல் பெஷாவரில் பிறந்தவர். பித்தளைப் பாத்திர வேலை செய்யும் ஜாதி. ஆனால் அப்பா படித்து, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் எழுத்தர் வேலைக்குப் போய்விட்டார். பாளையம் பாளையமாக வளர்ந்த பிள்ளை. சிறுவயதில் தன்னோடு விளையாடிய தோட்டிப் பையன் ஒருவனைப் பற்றி ஆனந்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கல்லடி பட்டு ரத்தம் வழிந்த தன்னை அந்தப் பையன் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டதையும், பிள்ளையைத் தொட்டுத் தீட்டாக்கிவிட்டாய் என்று தன் அம்மா அவனைத் திட்டியதையும்தான் அவர் நாவலில் வைத்தார். அதாவது நாவலுக்குள் ஆனந்த் இருக்கிறார். பாக்காவாக இல்லை, பாபு வீட்டுப் பிள்ளையாக.

இதுவும் நான் வகுப்பில் வருஷாவருஷம் சொல்கிற தகவல்தான். ஆசிரியர் குறிப்பில் மூன்றாவது வரி. ஆனால் ஓரணாவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. ஆனந்த் லண்டன் போனார், தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார், ப்ளூம்ஸ்பரி என்ற லண்டன் இலக்கிய வட்டத்து எழுத்தாளர்களோடு பழகினார். பாக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எழுதியது இங்கிலீஷில். பாக்கா காசு கொடுத்துக் கற்க ஆசைப்பட்ட அதே பாஷையில். பாபு வீட்டுப் பிள்ளை ஒருவர், தான் சொல்லிக்கொடுக்காத பாஷையில், யாருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையோ அவனைப் பற்றியே ஒரு நாவல் எழுதிவிட்டார். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்பதுதான் தெளிவாக இல்லை.

கோபம் ஆறியபிறகு, அப்படிச் சொல்வது நியாயமில்லை என்றும் பட்டது. கையெழுத்துப் பிரதியோடு அவர் காந்தியிடம் சபர்மதிக்குப் போனார். இந்தத் தோட்டிப் பையன் ப்ளூம்ஸ்பரிக்காரன் மாதிரி பேசுகிறானே என்ற மாதிரி காந்தி கேட்டதாகவும், பெரிய பெரிய வார்த்தைகளை எடுக்கச் சொன்னதாகவும் ஆனந்த் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆசிரமத்தில் எல்லோரும் போல அவரும் கக்கூஸ் கழுவினார். நாவல் நிறைய வெட்டுப்பட்டது. அப்புறம் லண்டனில் 19 பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. கடைசியில் ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் முன்னுரை தந்த பிறகு 1935-ல் விஷார்ட் பதிப்பகத்தில் வெளிவந்தது. ஓரணாவை நாவலில் வைத்ததே அவர்தான். மறந்துபோன விஷயமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டார். பாடம் நடக்காததை அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டாரா, எழுத்தாளராகவே மறந்துவிட்டாரா என்று புத்தகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான். மறந்திருந்தால் அது இன்னும் உண்மை.

ஃபார்ஸ்டரின் ஒரு வாக்கியம்

ஃபார்ஸ்டர் முன்னுரையில் ஒரு இடம். எவ்வளவு இரக்கம் இருந்தாலும் ஒரு ஐரோப்பியரால் பாக்காவைப் படைத்திருக்க முடியாது, அவனுடைய துன்பங்கள் அவருக்குத் தெரிந்திருக்காது என்கிறார். சரி. அடுத்து, ஒரு தீண்டத்தகாதவராலும் இந்தப் புத்தகத்தை எழுதியிருக்க முடியாது, ஆத்திரத்திலும் சுயபரிதாபத்திலும் அவர் சிக்கியிருப்பார் என்கிறார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில் எழுதிய வரி. வருஷாவருஷம் இதைப் பலகையில் எழுதிப்போட்டு ‘அழகியல் தூரம்’ என்று விளக்கம் கொடுத்தவன் நான். வகுப்பில் பாதிப் பேர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அந்த வரியை அவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளும்போது பேனாக்கள் என்ன யோசித்தன என்று நான் கேட்டதில்லை.

அந்த முன்னுரை வந்த மறுவருஷமே, 1936-ல், தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட மஹார் ஜாதியில் பிறந்த ஒருவர் பாக்காவின் அதே பஞ்சாபுக்காக, அதே இங்கிலீஷில் ஒரு உரை எழுதினார். லாகூரின் ஜாதி எதிர்ப்புச் சங்கமான ஜாத்-பாத் தோடக் மண்டல் அம்பேத்கரை மாநாட்டுத் தலைமை உரைக்கு அழைத்தது. எழுதியதைப் படித்துப் பார்த்து அரண்டுபோய் மாநாட்டையே கைவிட்டது. ‘ஜாதி ஒழிப்பு’ என்று இன்று நாம் படிப்பது அந்த நிகழ்த்தப்படாத உரைதான். அவரே அச்சிட்டு வெளியிட்டார். அதில் ஆத்திரம் இருக்கிறது, நிறையவே. ஆனால் ஆத்திரம் இருப்பதால் வாதம் எங்கும் குழறவில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த மனிதர், எதிராளியின் சாஸ்திரத்தை எதிராளியைவிட நன்றாகப் படித்துவிட்டு எழுதுகிறார். ‘அன்டச்சபிள்’ நாவலின் கடைசியில் வரும் மூன்று தீர்வுகளில் இவர் குரல் இல்லை என்பதை விமர்சகர்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள். நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய பதிலாகத் தெரிவது ஓம்பிரகாஷ் வால்மீகி. 1950-ல் உத்தரப் பிரதேசத்தில், முசாஃபர்நகர் பக்கம் பர்லா கிராமத்தில் பிறந்தவர். சூஹ்ரா சமூகம், துப்புரவுத் தொழில். ஏறக்குறைய பாக்காவின் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய தன்வரலாறு ‘ஜூட்டன்’ 1997-ல் இந்தியில் வந்தது. ஜூட்டன் என்றால் எச்சில் சோறு. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் அவரைப் பாடம் படிக்க விடாமல் நாள் முழுக்கப் பள்ளியையும் மைதானத்தையும் கூட்டச் சொல்கிறார். மூன்றாம் நாள் அந்த வழியாக வந்த அப்பா பார்த்துவிடுகிறார். மகன் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எந்த துரோணாச்சாரியின் வாரிசு என் பிள்ளையைக் கூட்டச் சொல்வது என்று பள்ளிக்கூடம் அதிரக் கத்துகிறார். பிறகு ஆறாம் வகுப்பில் சேர்க்கக் காசில்லை. வீட்டுக்கு வந்த மருமகள், வால்மீகியின் அண்ணி, தன் வெள்ளிக் கொலுசை எடுத்து மாமியார் கையில் கொடுத்து, இதை விற்று அவனைச் சேருங்கள் என்கிறாள்.

அந்தக் கொலுசைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஓரணா எங்கே போய்ச் சேர்ந்தது என்று என் மாணவி கேட்ட கேள்விக்கு ஒரு விடை அதில் இருந்தது. பாபு வீட்டுப் பிள்ளையிடமிருந்து பாடம் வரவே இல்லை. பின்னாளில் வால்மீகி வீட்டுப் பெண் எடுத்துக் கொடுத்த கொலுசில்தான் பாடம் நடந்தது. அதில் சுயபரிதாபம் எங்கே இருக்கிறது? வால்மீகி அந்தக் காட்சியை அழவே இல்லாமல் எழுதியிருக்கிறார். அழுவதற்கு அவருக்கு நேரமில்லை, அடுத்த பக்கத்தில் வேறு அவமானம் காத்திருக்கிறது.

இதனால் ஆனந்தை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர் எழுதியது பாக்காவுக்கு எட்டாத பாஷை என்றாலும், அது எட்டிய இடங்களும் உண்டு. இலங்கையில் கே. கணேஷ் அதைத் தமிழில் ‘தீண்டாதான்’ ஆக்கினார். பஞ்சாபி வசவுகளை அப்படியே இங்கிலீஷில் பெயர்த்துவைத்து, துரைமார் பாஷையைக் கொஞ்சம் அழுக்காக்கியது ஆனந்தின் சாதனை. எனக்கு அவர்மேல் குறை, என்மேல் எனக்குள்ள குறையைவிட அதிகமில்லை.

இயந்திரம் பற்றி, சுருக்கமாக

நாவலின் கடைசியில் ஒரு கவிஞர் வருகிறார். தண்ணீர் இழுத்துவிட்டால் மலம் தானாகப் போய்விடும் ஒரு இயந்திரம் இருக்கிறது, அது வந்துவிட்டால் தோட்டி என்ற வேலையே இருக்காது என்கிறார். பாக்கா காந்தி சொன்னதையும் இந்த இயந்திரத்தையும் மனசில் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் சொல்ல வீட்டுக்குப் போகிறான். வருஷாவருஷம் வரும் கேள்வி இது. ஃப்ளஷ் வந்தது. கூடவே செப்டிக் டேங்க் வந்தது, பாதாளச் சாக்கடை வந்தது, அதற்குள் இறங்க ஆள் தேவைப்பட்டது. மனிதரை வைத்து மலம் அள்ளுவதற்கு 1993-ல் ஒரு தடைச் சட்டம், 2013-ல் இன்னொன்று. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர வேண்டியிருந்தது என்பதே, இன்னும் இறங்குகிறார்கள் என்பதற்குச் சாட்சி. கவிஞரைக் கிண்டலடித்து நான் எத்தனையோ முறை கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது அந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். இயந்திரத்துக்காகக் காத்திருந்த கவிஞருக்கும், ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்த எனக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் அந்த மாணவியிடம் சொன்னேன்: “நீ கேட்டியே, அந்தப் பாடம் நடக்கலை. நாவல் முடியற வரைக்கும் நடக்கலை.” அவள் அதை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தாள். “அந்தப் பையனுக்கு மேட்ச் இருந்துச்சுல்ல சார்” என்றாள், அவனுக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி. பக்கத்திலிருந்தவன் சிரித்தான். நான் அன்று ஃபார்ஸ்டர் வரியைப் பலகையில் எழுதி, இதற்குப் பதில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். இண்டர்னல் மார்க் உண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது. வந்தவை பதினேழு. அவற்றைப் பற்றி எழுத எனக்கு அனுமதி இல்லை, நான் கேட்கவும் இல்லை.

அந்த அக்காவைத் தேடிப் போனேன் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். தேடவில்லை. போன தை மாதம் காந்திபுரம் பஸ் நிறுத்தத்தில் தற்செயலாகப் பார்த்தேன். கோட்டு இல்லாமல், பட்டுப்புடவையில் இருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் கூப்பிட்டார். அம்மணி நல்லா இருக்காங்களா, பாப்பா எத்தனாவது படிக்குது என்றெல்லாம் விசாரித்தார். நான் பையனைப் பற்றிக் கேட்டேன்.

“பாலிடெக்னிக் சேந்துட்டானுங் சார். மெக்கானிக்கலு. ரெண்டாவது வருசம். இங்கிலீஷ்ல மட்டும் ஒரு அரியர் இருக்குதுங்.”

எனக்கு வாய் உலர்ந்தது. அக்கா, அந்த ஞாயிற்றுக்கிழமை, என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. “அட, உங்க வேலை எங்களுக்குத் தெரியாதுங்களா.” நான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அவன் நம்பரைச் சொல்லுங்கள், இந்த வாரமே பேசுகிறேன் என்றேன். காசு வாங்கிக்கொண்டே சொல்லித் தருகிறேன் என்றும் சொன்னேன். முந்நூறு என்று எண்ணிக்கையையும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“இருக்கட்டுங் சார். போன்ல ஏதோ பாத்துப் பாத்து எழுதறான். அவனே எழுதிருவான்” என்றார்.

மகளிர் இலவசப் பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. ஏறி, ஜன்னலோர சீட் கிடைத்ததும் அங்கிருந்து கை காட்டினார். நானும் காட்டினேன். போன் இன்னும் என் இன்னொரு கையில் இருந்தது, நம்பர் போடுகிற பக்கம் திறந்தபடியே.